போகும் வழியே போகுமிடமான வரலாறு

1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேர் சென்றுவர, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தனி ரயில் ஒன்றை மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக் ஏற்பாடு செய்தார். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் இத்தகைய உல்லாச ரயில் பயணம் அதற்கு முன்பே தோன்றிவிட்டதெனினும், அது உழைக்கும் மக்களின் வழக்கமாக வேரூன்ற இரண்டு சட்டங்கள் துணைநின்றன. 1844ஆம் ஆண்டுச் சட்டம், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில் நாள்தோறும் ஒரு ரயிலையேனும் கூரையுள்ள பெட்டிகளுடன் இயக்குமாறு ரயில் நிறுவனங்களைப் பணித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு வழங்கிய விடுமுறைகள் நாளடைவில் பொதுவிடுமுறைகளாயின. எனினும், அக்காலப் பயணிகள் நாடிச் சென்றது கடற்கரையையும் மலையையும் அருவியையுமே. நீராவி எஞ்சின் அங்கே கொண்டுசேர்க்கும் சாதனமாக மட்டுமே இருந்தது.

இந்த உறவு தலைகீழாக மாறியதற்கு வேல்ஸ் நாட்டின் தாலிலின் ரயில்வே தெளிவான சான்றாகும். கூரை வேயப் பயன்படும் சிலேட்டுக் கல்லைச் சுரங்கத்திலிருந்து இறக்குவதற்காக 1865இல் அமைக்கப்பட்ட இப்பாதையில், தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 2 அடி 3 அங்குலமே. 1946இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும், தாம் உள்ளவரை ரயில் ஓடும் என்று அதன் உரிமையாளர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் உறுதி பூண்டிருந்தார். 1950இல் அவர் மறைந்தபோது பாதையும் மூடப்படும் நிலை உருவாகவே, எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டும் அவருடைய தோழர்களும் ஒரு சங்கம் அமைத்து, 1951 மே 14 அன்று தன்னார்வலர்களைக் கொண்டு ரயிலை இயக்கத் தொடங்கினர். ரயிலைக் காப்பதற்கெனவே ரயிலில் ஏறும் பயணி அன்று உருவானார்.

நீராவிக்கு மாற்றாக டீசலையும் மின்சாரத்தையும் கொண்டுவரும் 1955ஆம் ஆண்டுத் திட்டமும், நட்டத்தில் இயங்கிய கிளைப்பாதைகளை மூடுமாறு பரிந்துரைத்த 1963ஆம் ஆண்டு பீச்சிங் அறிக்கையும், தாலிலின் காட்டிய வழியைப் பிற ஊர்களுக்கும் தேவையாக்கின. சசெக்ஸ் பகுதியில் கைவிடப்பட்ட பாதையொன்றில் 1960 ஆகஸ்டில் புளூபெல் ரயில்வே ஓடத் தொடங்கியது. 1968 ஆகஸ்டில் அரசு ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவிச் சேவையை முடித்துக்கொண்டபின், புகையையும் ஊதலையும் நாடியோர் இத்தகைய நாட்டுப்புறப் பாதைகளுக்கே வர வேண்டியதாயிற்று.

இப்பாதைகளில் பாதுகாக்கப்படுவது இரும்பு மட்டுமன்று. குளிர்ந்த கொதிகலனில் தீமூட்டி நீராவி அழுத்தம் ஏறப் பல மணிநேரம் பிடிக்கும். கொதிகலனை ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை கழற்றிச் செப்பனிட வேண்டும். முன்பு கூலிக்குச் செய்யப்பட்ட இவ்வேலைகளை இன்று பெரும்பாலும் தன்னார்வலர்கள் ஊதியமின்றிக் கற்றுச் செய்வதனாலேயே, மணிக்கு 25 மைலுக்கு மேற்படாமல் ஊர்ந்து செல்லும் ரயில் ஒருநாள் உல்லாசத்தின் இலக்காக நீடிக்கிறது.