கரண்டுக்கு முந்தி வந்த விளம்பரம்

வன்னியில் இருக்கும் இரணைமடுவுக்கு விளம்பரம் காதுவழியாகத்தான் வந்தது. குளத்துத் தண்ணியை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய எங்கட தாய்தகப்பன் காலத்தில், வேலி அடைக்கமுந்தியே சில வீடுகளில் றேடியோ பாடத் தொடங்கிவிட்டது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. அகில இந்திய வானொலி 1967 வரை விளம்பரம் எடுக்கவில்லை. அதனால் இந்தியக் கம்பனிகளும் கொழும்புக்குக் காசு கட்டின. அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் பேசினால் விளம்பரத்தையும் நின்று கேட்டுவிட்டுத்தான் சனம் வயலுக்குப் போகும்.

1982இல் ரூபவாகினி தொலைக்காட்சி வந்தபோது படத்தோடு விளம்பரம் பார்த்தோம். அதுவும் அதிக காலம் நிலைக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டது; வன்னிக்குக் கரண்ட் நின்றது; பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். கை சோர்ந்தால் குரல் தேயும். அப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்ட கொழும்பு விளம்பரங்களில் பாதிச் சாமான் தடையைத் தாண்டி எங்களிடம் வராது.

கமெரா மட்டும் வந்தது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவில் பெடியள் படம்பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் பழகினார்கள். 'ஒளிவீச்சு' வீடியோச் சஞ்சிகை ஊரூராக ஓடியது. 2005இல் கிளிநொச்சியிலிருந்து தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதிக்கு ஏறியது. ஜோன் மகேந்திரனின் 'ஆணிவேர்' வன்னியிலேயே படமாகி 2006இல் வெளிவந்தது. போரையும் சாவையும் படமாக்க ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. சாமான் விற்கப் படமெடுக்க அதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

அந்தத் தொழில் எங்களிடம் 2009இல் போர் முடிந்த பிறகுதான் வந்தது, அதுவும் கலியாண வீடியோக்காரர் கையில். நானும் அவர்களில் ஒருவன். ஒரு பொங்கலுக்குப் புடவைக்கடை விளம்பரம் ஒன்றைக் குளக்கட்டில் எடுத்தோம். ட்ரோன் படத்தில் வான்கதவுகள் அழகாக விழுந்தன. ஆனால் காற்று மைக்கில் இரைந்து வசனத்தை விழுங்கிவிட்டது. பிறகு அறைச் சுவரில் மெத்தையைச் சாத்திவைத்துக் குரல் பதிந்தோம். முதலாளிக்கு ஒரே நிபந்தனை: கடைசியில் தன் முகம் வரவேணும். வந்தது.

கொழும்பிலிருந்து வரும் பெரிய விளம்பரங்களில் காசு தெரியும், நாங்கள் தெரியமாட்டோம். சித்திரை வருடப்பிறப்பு வந்தால் திரையில் ரபான் மேளம் அடிப்பார்கள், மேசையில் கவும் பலகாரம் இருக்கும், மேலே தமிழ்க் குரல் ஓடும். மருத்துநீர் வைத்து முழுகும் வீடு ஒன்றையாவது அதில் காண்பது அரிது. சிங்களத்தில் எழுதி, எடுத்து முடித்து, கடைசியில் தமிழுக்குக் குரல் போட்டால் அப்படித்தான் வரும்.

கம்பனிக்காரருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வன்னியிலும் உங்கள் பால்மாவும் சவர்க்காரமும் விலைப்படுகின்றன. விளம்பரத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். படம்பிடிக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.