நாகவல்லி பிறந்த கதை

ஆலப்புழை மாவட்டத்தில் ஹரிப்பாட்டை ஒட்டி முட்டம் என்றோர் ஊர். அங்குள்ள ஆலும்மூட்டில் தரவாடு என்ற குடும்ப வீட்டில் முன்பொரு காலம் குடும்பப் பெரியவரும் வேலைக்காரியும் கொலையுண்டார்கள். 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்துக்கு அந்தக் கொலைதான் விதை என்பார்கள். கதை எழுதிய மது முட்டம் அதே ஊர்க்காரர். பாசில் இயக்கிய படம் 1993 டிசம்பர் 25 அன்று வெளிவந்தது.

வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் போதும் என்றிருந்த பேய்ப்படங்களுக்கு நடுவே இது வேறு வழியில் போனது. பூட்டிக் கிடந்த தெக்கினி அறையை மருமகள் கங்கா திறக்கிறாள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்த வீட்டில் கொல்லப்பட்ட நடனக்காரி நாகவல்லியின் நகையும் சேலையும் உள்ளே இருக்கின்றன. பிறகு நடப்பதெல்லாம் பேயின் வேலை என்றே நமக்குத் தோன்றும். மனநல மருத்துவர் சன்னி வந்து, பேய் இல்லை, கங்காவின் மனமே இரண்டாகப் பிளந்திருக்கிறது என்கிறார். ஆனால் குணப்படுத்தும் இடத்தில் மந்திரவாதியும் உடன் நிற்கிறார். நோய் என்பவர்களும் பேய் என்பவர்களும் தத்தம் கட்சி ஜெயித்ததாகவே எழுந்து போகலாம்.

இந்த மயக்கத்துக்கு முதுகெலும்பு மொழி. மலையாளம் பேசும் கங்கா, நாகவல்லியானதும் தமிழில் சீறுகிறாள். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி, நாகவல்லிக்கு துர்கா. முகம் மட்டும் ஷோபனாவுடையது. அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

தமிழுக்கு வந்தபோது தமிழ்ப் பேய் பலிக்குமா? பி. வாசு முதலில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எடுத்தார். நாகவல்லி தெலுங்குக்காரி ஆனாள். 2005-இல் தமிழில் வந்த 'சந்திரமுகி'யும் தெலுங்கே பேசினாள். 2007-இல் பிரியதர்ஷனின் இந்திப் படம் 'பூல் புலையா'வில் மஞ்சுளிகா வங்காளி. எந்த ஊருக்குப் போனாலும் பேய் பக்கத்து ஊர் பாஷையே பேசியது. வீட்டுக்குள் ஒலிக்காத மொழிதான் வீட்டுக்காரர்களை உலுக்குகிறது.

சரி, மலேசியாவின் ஜொகூரில் உள்ள பெர்மாஸ் ஜெயாவுக்கு இந்தக் கதை வந்தால்? அங்கே கங்கா திடீரென மலாய் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்; கடையிலும் பள்ளியிலும் அன்றாடம் புழங்கும் மொழி அது. ஆங்கிலமும் அப்படித்தான். தமிழோடு இவை இரண்டையும் கலந்தே பேசிப் பழகிய பெண், ஒரு சொல்கூடக் கலக்காமல் சுத்தத் தமிழில் பேசத் தொடங்கட்டும். மந்திரவாதிக்கு உடனே ஆள் அனுப்பிவிடுவார்கள்.