அச்சேறாத அட்டைகள்
அமெரிக்கப் பேஸ்பால் வீரர்களின் படம் பொறித்த சிற்றட்டைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் வைத்து வழங்கப்பட்டன. எனினும், இன்று இரசிகர்கள் மனங்கவர்ந்த ஓய்வுபெற்ற வீரருக்காகத் தாமே வடிவமைக்கும் அட்டைகளுக்கு இலக்கணம் வகுத்தது, சூயிங்கம் விற்ற டாப்ஸ் நிறுவனத்துக்காகச் சை பெர்கர் தம் புரூக்ளின் வீட்டுச் சமையலறை மேசையில் உருவாக்கிய 1952ஆம் ஆண்டு வரிசையே ஆகும். முன்புறத்தில் வண்ணமூட்டிய படம், அணிச் சின்னம், கையொப்பத்தின் நகல் ஆகியனவும், பின்புறத்தில் முந்தைய ஆண்டின் ஆட்டக் கணக்கும் வாழ்நாள் கணக்கும் அமைந்த அவ்வடிவம், 1957இல் 2½ அங்குல அகலமும் 3½ அங்குல உயரமும் கொண்டதாக நிலைபெற்றது.

வெளிவராத அட்டையைப் பிற்காலத்தில் படைக்கும் வழக்கத்துக்கு மிக அழகிய முன்னோடி, மோரி வில்ஸின் அட்டை. பந்து எறியப்படும் தருணம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதாகிய ‘தளத் திருட்டை’ 1962இல் 104 முறை நிகழ்த்தி, நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற அவருக்கு, டாப்ஸுடன் ஒப்பந்தம் இல்லாமையால் அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் அட்டை வெளிவரவில்லை. விருதாளர்களின் பழைய அட்டைகளை 1975இல் மறுபடியும் அச்சிட்டபோது, அதற்குள் ஓய்வுபெற்றுவிட்ட வில்ஸுக்காக, 1962ஆம் ஆண்டுக்குரிய மரவரிச் சட்டத்துடனேயே அந்நிறுவனம் ஓர் அட்டையைப் புதிதாகப் புனைந்து, விடுபட்ட இடத்தை நிரப்பியது.