ஒளியிழை

ஒளி, இழை என்னும் இரு சொற்கள் யகர உடம்படுமெய் பெற்றுச் சேர்ந்தது ஒளியிழை. இழை என்றால் நூல். பழந்தமிழில் அணிகலனும் இழைதான், சேயிழை, ஆயிழை என்ற பெயர்களில் அது நிற்கிறது. பல இழைகள் சேர்ந்து உறைக்குள் அடங்கினால் அது வடம். ஒளியிழைத் துறையின் ஆங்கிலப் பெயரான ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’, பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1960இல் எழுதிய கட்டுரையால் பரவியது.

தரவு மையத்தில் இச்சொல் தனியாக நிற்பதில்லை. எந்த ஒளியிழை என்ற கேள்வி உடனே எழும். ஒளி செல்லும் உள்தண்டு சிங்கிள்மோடு இழையில் ஏறத்தாழ 9 மைக்ரான், மல்டிமோடில் 50 மைக்ரான். அகன்ற தண்டில் ஒளி பல வழிகளில் ஓடி, முன்பின்னாக வந்து சேரும். தூரமும் வேகமும் கூடக் கூடத் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால்தான் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 300 மீட்டர் தாங்கும் ஓஎம்3 வகை மல்டிமோடு வடம், 100 கிகாபிட் எஸ்ஆர்4 இணைப்பில் 70 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஓஎம்4 வடத்துக்கு அந்த எல்லை 100 மீட்டர். சிங்கிள்மோடு கிலோமீட்டர் கணக்கில் செல்லும்; அதன் ஒளிக்கருவிகளுக்கு விலை அதிகம்.

ஒரே அறைக்குள் ஓஎம்4 போதும். கூடங்களுக்கிடையே, கட்டடங்களுக்கிடையே இழுக்கும் வடம் சிங்கிள்மோடாகவே இருக்கட்டும்: கருவியை மாற்றலாம், பதித்த வடத்தை மாற்றுவது பெரும் செலவு.