சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றும் ரம்பம்

ரெங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பால்வாளியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்தது, பாதையின் இருபுறமும் ரப்பர் பரவியது, லயங்கள் எழுந்தன, தமிழ்ப்பள்ளிகள் வந்தன. எல்லாம் சரிதான். அந்த மரங்கள் பிறகு என்ன ஆயின? ஒரு பால்மரத்தை இருபத்தைந்து, முப்பது வருடம் வெட்டலாம். அதற்கப்புறம் அது தோட்டத்துக்குச் சுமை.

ரொம்ப காலம் அதற்குக் கிடைத்த முடிவு நெருப்புதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. சில இடங்களில் மறுநடவுக்கு முன் அடிமரத்தில் சோடியம் ஆர்சனைட் பூசி நின்ற இடத்திலேயே சாகடித்தார்கள். பலகையாக ஏன் அறுக்கவில்லை என்றால், மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே வண்டு துளைக்கும். அறுத்த உடனே போரான் உப்பில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தினால் இந்த மரம் நிற்கும் என்பது உறுதியான பிறகுதான் கதை மாறியது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எழுபதுகளின் கடைசியிலிருந்து வெளிர்மஞ்சள் நிற ரப்பர் பலகை நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. ஜொகூரில் அதற்குத் தலைநகர் மூவார்.

அதே காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, ஆள் குறைந்தது, பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த குடும்பம் அடுத்த தலைமுறையில் ரம்பத்தின் முன்னால் நின்றது. கத்திக்கும் ரம்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் தோட்டக் கதைகளில் நான் எங்கேயும் படித்ததில்லை. கத்தி, கை நின்றால் நின்றுவிடும். ரம்பம் அப்படி இல்லை. 300 மில்லிமீட்டர் வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் பல்முனை மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சுவிட்சை அணைத்தாலும் பிரேக் இல்லாவிட்டால் பல விநாடிகள் சும்மா சுற்றும். சத்தம் அடங்கிவிடும், பல் தெரியாது, வெறும் தட்டு மாதிரி பளபளக்கும். துண்டுக் கட்டையைத் தள்ளிவிட கை நீளுவது அந்த நேரத்தில்தான். “அது தானா நின்னுரும் தம்பி, கொஞ்ச நேரம் ஆவும்” என்பது மர ஆலைகளில் சகஜமாகக் கேட்கிற பேச்சு. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விரல் போகிறது.

நிறுத்துவதற்கான அறிவு பழசு. 1824இல் பிரான்சில் அராகோ, ஆடிக்கொண்டிருக்கும் காந்த ஊசிக்கு அடியில் செம்புத் தட்டை வைத்தால் ஊசி சீக்கிரம் அடங்குவதைக் கவனித்தார். 1834இல் ஐன்ரிக் லென்ஸ் (மூக்குக்கண்ணாடி லென்ஸ் இல்லை, மனிதர்தான்) அதை விதியாக்கினார்: அசைவினால் பிறக்கும் மின்னோட்டம் அந்த அசைவையே எதிர்க்கும். சுற்றுகிற மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றிவிட்டால், அது தன் வேகத்தைத் தானே தின்று நின்றுவிடும். மின்பிரேக்கின் சூட்சுமம் இவ்வளவுதான்.

கையில் பிடிக்கும் ரம்பத்தில் இந்த வேலையைச் செய்வது விசை சுவிட்சுதான். விரலை எடுத்ததும் அது மின்சாரத்தைத் துண்டித்து, ஆர்மெச்சரை ஃபீல்டு சுருளோடு தலைகீழாக இணைக்கிறது. ஃபீல்டு இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தம், சுற்றும் ஆர்மெச்சரில் சிறிய மின்னோட்டத்தை எழுப்பும். அந்த மின்னோட்டம் காந்தத்தைப் பலமாக்க, காந்தம் மின்னோட்டத்தைக் கூட்ட, ஓரிரு விநாடியில் ரம்பம் நிற்கும். கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும், பயப்பட வேண்டியதில்லை.

இதன் பலவீனமும் அந்த 'கொஞ்சம் காந்தத்தில்'தான் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனால், இரும்பில் மிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அடிக்கடி நடந்தால் முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. தேய்ந்த பிரஷ் வழியாகவும் 230 வோல்ட் முட்டிமோதிப் போய்விடும், மோட்டார் ஓடும். பிரேக்கைத் தொடங்கும் வோல்டேஜ் மிகச் சிறியது. அழுக்கு கம்யூட்டேட்டரும் தளர்ந்த ஸ்பிரிங்கும் அதற்குப் பெரிய சுவர். மரத்தூள் அடைத்துப் பிரஷ் கூட்டுக்குள் சிக்கிக்கொள்வதும் உண்டு. புது பிரஷ் போட்டும் பிடிக்கவில்லையா? அது கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து உட்காரும்வரை சுமையில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கணும். அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்ச். அணைந்த நிலையில் பிரேக் முனைகள் இணைந்திருக்க வேண்டும், மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஃபீல்டு சுருள் கடைசி.

கவனித்தீர்களா, இந்தக் கோளாறு எதுவும் அறுப்பதைத் தடுக்கவில்லை. மோட்டார் கெட்டால் உற்பத்தி நிற்கும், தவ்க்கே ஓடிவருவார். பிரேக் கெட்டால் யாரும் வரமாட்டார்கள்.

ஆலைகளின் பெரிய ரம்பங்களில் பிரஷ்ஷே கிடையாது, இண்டக்‌ஷன் மோட்டார். அங்கே ஏசியைத் துண்டித்த பிறகு சில விநாடிகள் டிசி செலுத்துவார்கள். நிலையான காந்தப்புலத்துக்குள் சுற்றும் ரோட்டார், அராகோவின் ஊசி மாதிரி அடங்கும். கோளாறு வந்தால் பெரும்பாலும் கான்டாக்டர், டயோடு, டைமர் இந்த மூன்றில் ஒன்று. பழைய இயந்திரத்தில் பிரேக்கைப் பிறகு சேர்க்கும்போது இன்னொன்றையும் பார்க்கணும்: சட்டென்று நிறுத்தினால் ரம்பத்தை இறுக்கும் நட்டு கழன்றுவிடலாம். இதற்குப் பயந்தே பிரேக் வயரைக் கழற்றிவைத்த ஓர் ஆலையைப் பார்த்திருக்கிறேன். நட்டுக்குப் பூட்டு வாஷர் போடுவது அதைவிடச் சுலபமான வேலை.

சட்டமும் வந்தது. மலேசியாவில் 1967இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம், அதையொட்டி 1970இல் விதிமுறைகள். அந்த விதிமுறைகளின் பெயரிலேயே 'இயந்திரங்களுக்கு வேலியிடல்' முன்னே நிற்கிறது. கையை உள்ளே விடாமல் தடுப்பது அந்தக் காலத்துச் சிந்தனை. அதில் தப்பில்லை. ஆனால் வேலியைத் தூக்கித்தான் ரப்பர் மரம் அறுக்கிறார்கள். உலர்ந்த பாலும் பிசினும் பல்லில் ஒட்டும், முறுக்கிய நார் ரம்பத்தைக் கவ்வும், அடிக்கடி கைவைக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் 1998 விதிகளையொட்டிய மரவேலை நடைமுறைக் குறிப்பு நேரத்தையே அளந்தது: பிரேக் இருந்தால் ரம்பம் பொதுவாகப் பத்து விநாடிக்குள் நிற்கணும். இங்கே 1967 சட்டம் 2024 ஜூன் 1இல் ரத்தாகி, எல்லாம் 1994இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. ஆபத்தை மதிப்பிட்டுக் குறைப்பது முதலாளியின் கடமை என்கிறது அது.

ரம்பத்தின் முன் இப்போது நிற்பவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க மொழிகூட வேண்டாம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, சுவிட்சை அணைத்து, பல் கண்ணுக்குத் தெரியும்வரை எண்ணி, அந்த எண்ணை இயந்திரத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைக்கலாம். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் எண்ணலாம். எண் கூடியிருந்தால் பிரஷ்ஷைக் கழற்றலாம், பெரிய ரம்பமென்றால் டைமரைத் திறக்கலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணிப் பார்க்க முடியாது: டிசி பிரேக்குக்கும் மின்சாரம் வேண்டும். கரண்ட் போன நேரத்தில் டிசி பிரேக்கை நம்பிய அத்தனை ரம்பங்களும் பிரேக் இல்லாமல்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.