இராயபுரம்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பகுதி. மீனவர், படகோட்டிகள் குடியிருப்பாகத் தொடங்கியது. ஊருக்குப் பெயர் தந்தவர் புனித இராயப்பர் (பேதுரு). அவர் பெயரிலேயே ஆலயமும் உண்டு. குருகுல வம்சத்தார் எனப்படும் கத்தோலிக்கப் படகோட்டிகள் தங்கள் சொந்தப் பணத்தில் 1829-இல் எழுப்பிய ஆலயம் இது.

அந்தப் பணம் வந்தது மசூலாப் படகிலிருந்து. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவர்கள் இவர்கள். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு. அலை தூக்கித் தரையில் மோதினாலும் வளைந்துகொடுக்கும், உடையாது. 1875-க்குப் பின் எழுந்த செயற்கைத் துறைமுகம் இத்தொழிலை மெல்ல விழுங்கியது. அதோடு விடவில்லை: துறைமுகச் சுவர் மணலோட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரையை இழந்தது. கல் கொட்டித்தான் இங்கே கடலைத் தடுக்கிறார்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1910-இல் பார்சிகளின் அக்னி கோயில் வந்தது. மீன்பிடித் தொழில் இன்று அருகேயுள்ள காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கிறது. விடியுமுன்பே ஏலக் குரல் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமிருக்காது.