தோற்றூணி கூறும் சரித்திரம்

வில்லின் வரலாற்றை விரித்தெழுதிய அறிஞர் பலர்; அம்பின் வகைகளை ஆராய்ந்தோரும் பலர். அம்பைத் தாங்கிய தூணியோ அத்துணைக் கவனத்தைப் பெற்றிலது. இதற்குக் காரணம் வெளிப்படை. கல்லினாலும் உலோகத்தினாலும் ஆகிய அம்புமுனை ஆயிரமாயிரம் ஆண்டுகள் மண்ணிற் கிடந்தும் அழியாது. தூணி பெரும்பாலும் விலங்கின் தோலால் ஆயது. மண்ணிற் புதைந்த தோல் விரைவில் மக்கிவிடும். பனிக்கட்டி, கடலடிச் சேறு, காற்றுப்புகாத புதைகுழி என்னும் இவைபோன்ற இடங்களிலேயே அது அரிதாக எஞ்சுகின்றது. அவ்வாறு எஞ்சிய சில தூணிகள் சரித்திர ஆசிரியருக்குக் கூறுஞ் செய்திகள் மிகப் பெரியன.

தமிழில் தூணி, தூணீரம், ஆவநாழிகை, அம்பறாத்தூணி என்னும் பெயர்கள் இக்கருவிக்கு வழங்குகின்றன. அம்பறாத்தூணி என்பது அம்பு குறையாத தூணி எனப் பொருள்படும். காவிய வீரனுக்கு அது பொருந்தும். காட்டில் உயிர் வாழ்ந்த மெய்யான வேட்டுவனின் நிலை வேறு. அதனை 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19ஆந் திகதி அல்ப்ஸ் மலையிற் கிடைத்த ஓர் உடலம் காட்டிற்று.

ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள எல்லையருகே, ஏறத்தாழ 3,210 மீற்றர் உயரத்தில், பனிக்கட்டியினின்றும் வெளிப்பட்ட அம்மனிதன் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தவன். 'ஏற்ஸி' என இன்று அழைக்கப்படுகின்றான். அவனுடைய தூணி நீண்ட ஒரு தோற்பை. அது வளைந்து மடியாதவாறு பக்கத்தே ஒரு மரக்கோல் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் முனையும் இறகும் பொருத்தப்பட்டு முற்றுப்பெற்றவை இரண்டே, அவையும் முறிந்திருந்தன. எஞ்சிய பன்னிரண்டும் வெறுங் கோல்கள். அவன் கொண்டுசென்ற 1.82 மீற்றர் நீளமுள்ள வில்லும் செய்து முடிக்கப்படாதது. 2001ஆம் ஆண்டில் அவனது இடத்தோளிற் கல்லாலாய அம்புமுனையொன்று புதைந்திருத்தல் கண்டறியப்பட்டது. படைக்கலம் ஆயத்தமாகுமுன்னரே அவன் பிறரால் எய்யப்பட்டான் என்பதைத் தூணியும் உடலமும் ஒருங்கே உணர்த்துகின்றன.

அத்தூணி மலையாட்டினமொன்றின் தோலாலாயது என முதலிற் கருதப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வோ அது சிறுமானினமொன்றின் தோல் என நிறுவிற்று. கண்ணாற் கண்டு துணிந்ததை நுண்ணாய்வு திருத்துதல் உண்டென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இதனினும் வியப்பான செய்தி சிதியரைப் பற்றியது. கருங்கடலின் வடபாற் புல்வெளிகளில் வாழ்ந்த சிதியர் குதிரைமீதிருந்து எய்வதில் வல்லவர். வில்லையும் அம்புகளையும் ஒருங்கே கொள்ளும் உறையை அவர் இடுப்பின் இடப்பக்கத்தே தொங்கவிட்டனர். மன்னரின் புதைமேடுகளில் அவ்வுறைகளை மூடிய பொற்றகடுகள் கிடைத்துள்ளன. அப்பொன்னின் அழகிலே ஈடுபட்டோர் அதன் கீழிருந்த தோலைப் பெரிதாக எண்ணவில்லை.

கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரொடோற்றஸ், தமது நூலின் நான்காம் பகுதியிற் சிதியரின் போர்வழக்கங்களைக் கூறுகின்றார். இறந்த பகைவரின் வலக்கைத் தோலை உரித்துத் தூணிக்கு மூடியாகக் கொள்வோர் அவருட் பலர் என்பது அவர் கூற்று. அயலாரை இழிவுபடுத்தக் கட்டிய கதையோ இது என ஐயுறுதல் இயல்பே. அவரை வரலாற்றின் தந்தை எனப் போற்றியோர் உளர். பொய்யர் எனப் பழித்தோரும் உளர்.

2023ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் இதற்கு விடையொன்று கிடைத்தது. தெற்கு உக்கிரேனில் 14 இடங்களிலுள்ள 18 புதைகுழிகளிலிருந்து பெற்ற 45 தோற்றுண்டுகளின் புரதத்தை ஆய்வாளர் சோதித்தனர். பெரும்பாலானவை செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை ஆகியவற்றின் தோல்கள். இரண்டு துண்டுகள் மனிதத் தோலென அறியப்பட்டன. இவ்விரண்டும் தூணிகளின் மேற்பகுதியைச் சார்ந்தவை.

எனினும் இச்சான்று எத்துணைத் தூரஞ் செல்லும் என்பதை அளந்து கூறுதல் வேண்டும். சிதியர் தூணிக்கு மனிதத் தோலைப் பயன்படுத்தியதுண்டு என்பது உறுதி. அது பகைவனின் தோல் என்பதையோ, வலக்கையின் தோல் என்பதையோ புரதம் கூறாது. பலர் அவ்வாறு செய்தனர் என்பதும் 45இல் இரண்டைக் கொண்டு நிறுவத்தக்கதன்று. ஆசிரியர் கூற்றின் வேர் உண்மை; அதன் கிளைகள் யாவும் உண்மையென்பது இன்னும் பெறப்படவில்லை. ஓரினத்தார் முழுவதையும் கொடியரென முடிவுகட்ட இவ்விரு துண்டுகள் இடந்தரா.

இனித் தூணியை முதுகிற் சுமத்தலை நோக்குக. பாரசீகப் பேரரசன் தாரியஸ் சூசாவில் எழுப்பிய அரண்மனையின் வண்ணச் செங்கற் சுவரில் வில்வீரர் தூணியை முதுகிற் கொண்டு அணிவகுத்து நிற்கின்றனர். ஆகவே அவ்வழக்கம் பழையது. ஆயின் இங்கிலாந்தின் நெடுவில் வீரரும் அவ்வாறே சென்றனர் என்னும் எண்ணம் ஆராயத்தக்கது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொணரப்பட்ட மேரி றோஸ் என்னும் போர்க்கப்பலிலே, 24 துளைகளையுடைய வட்டத் தோற்றுண்டுகள் கிடைத்தன. ஒரு கட்டுக்குரிய 24 அம்புகளும் ஒன்றோடொன்று உராய்ந்து இறகு கெடாவண்ணம் இடையே செருகப்பட்டவை அவை. துணிப்பையும் இத்தோல்வட்டமுமே அவ்வீரரின் தூணியாயின. முதுகிற் றூணியோடு தோன்றும் றொபின் ஹூட்டின் உருவத்தை மக்கள் மனத்திற் பதித்தவற்றுள் 1938ஆம் ஆண்டுத் திரைப்படம் முதன்மையானது. அதில் அம்பெய்த அமெரிக்க வில்லாளர் ஹவாட் ஹில், தாமும் முதுகிற் றோற்றூணி சுமந்து வேட்டையாடியவர்.

அமெரிக்க வில்வேட்டையின் மறுமலர்ச்சிக்கு மூலமாயமைந்தவருள் ஒருவர் 'இஷி' எனப்பட்ட யாகி இனத்தவர். தம் மக்கள் கொலையுண்டும் சிதறியும் அழிந்தபின் தனித்து நின்ற அவர், 1911இற் கலிபோணியாவின் ஓரோவில் நகருக்கு வந்தார். அவரது தூணி நீர்நாய்த் தோலாலாயது. மருத்துவர் சாக்ஸ்ரன் போப் அவரிடம் விற்கலையைக் கற்று, 1923இல் அதுபற்றி நூலொன்று வெளியிட்டார். இஷியோ 1916இலேயே இறந்துவிட்டார். வெள்ளையர் வேட்டைப் பொழுதுபோக்காகக் கொண்ட கலை, அவருடைய மக்களுக்கு வாழ்வாக இருந்தது.

முதுகுத்தூணிக்கு நன்மையும் குறையும் உண்டு. மெல்லிய தோல் அம்புகளை அணைத்து ஓசையெழாது காக்கும். கையும் இடுப்பும் தடையின்றி இயங்கும். வேட்டுவன் குனியின் அம்புகள் சரியும். அடர்ந்த புதரிலே கிளைகள் இறகைப் பற்றும். குதிரைவீரன் இடுப்பையும், நடந்து செல்வோன் முதுகையும், கப்பற்படையினன் கட்டையும் தேர்ந்தமைக்கு அவரவர் தொழிலே காரணமாயிற்று.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், நூலின் கூற்றையும் ஓவியத்தின் காட்சியையும் தோல் தன்னளவிற் சோதித்துக் காட்டுகின்றது என்பதே. அது ஹெரொடோற்றசை ஓரளவு காத்தது. திரைப்படத்தின் காட்சியைத் திருத்திற்று. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் முற்றுப்பெறாத அம்புகளோடு மாண்ட ஒருவனின் இறுதி நாட்களைப் புலப்படுத்திற்று. அரசரின் பொன்னைப் போற்றிய அளவுக்கு அதன் கீழ்க்கிடந்த தோலையும் பேணுதல் வரலாற்றாசிரியரின் கடனாகும்.